புராஸ்டேட் ஸ்லைடில் பழுப்பாகத் தெரிவதெல்லாம் தசை இல்லை

நுண்ணோக்கியில் புராஸ்டேட் திசுவின் ஸ்லைடை முதன்முதலாகப் பார்க்கிறவர் கண் நேராகச் சுரப்பிகளுக்குத்தான் போகும். தப்பில்லை, புற்றுநோய் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் சுரப்பிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக இழையிழையாக ஓடுகிறதே, அந்த ஸ்ட்ரோமாவை "இணைப்புத் திசு" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குள் மென்தசை செல்கள், நாரிழைகளை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள், குழாயை வெளியிலிருந்து கட்டிப்பிடித்திருக்கும் பெரிசைட், நரம்பிழைகள், நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ், டி செல், மாஸ்ட் செல் என்று ஒரு கூட்டமே குடியிருக்கிறது. மனித புராஸ்டேட்டில் தசையின் பங்கு ரொம்ப அதிகம். சுண்டெலியில் சுரப்பி நாளத்தைச் சுற்றி மெல்லிய தசை உறை, இடையில் தளர்வான திசு, அவ்வளவுதான். எலியில் பார்த்ததை அப்படியே மனிதனுக்கு ஏற்றிப் பேசினால் இங்கேயே வழுக்கும்.

நான் அதிகம் பார்த்த தவறு, ஆரம்பத்தில் நானும் செய்தது, ஆல்ஃபா எஸ்எம்ஏ (மென்தசை ஆக்டின் புரதம்) என்ற ஒரே மார்க்கரை, அதாவது செல் வகையை அடையாளம் காட்டும் புரதத்தை, நம்புவது. சாயமிட்டதும் அது இருக்கும் இடம் பழுப்பாக ஏறினால் தசை என்று எழுதிவிடுவேன். அது மென்தசையில் ஏறும்தான், ஆனால் பெரிசைட்டிலும் ஏறும், புற்றுநோயைச் சுற்றி உருவாகும், தசைக்குணம் ஏறிய ஃபைப்ரோபிளாஸ்டான மயோஃபைப்ரோபிளாஸ்டிலும் ஏறும். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளை எடுத்து ஒன்றில் ஆல்ஃபா எஸ்எம்ஏ, இன்னொன்றில் டெஸ்மின் என்ற தசைப் புரதத்துக்கான சாயம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல சுரப்பிகள் இருக்கும் பக்கம், சுருட்டு வடிவ நியூக்ளியஸோடு கட்டுக்கட்டாகக் கிடக்கும் தசை இரண்டிலும் பழுப்பாக இருக்கும். புற்றுச் சுரப்பிகள் நெருக்கியடித்து நிற்கும் பக்கம் முதல் ஸ்லைடு பழுப்பு, இரண்டாவது வெளிறிப்போயிருக்கும் இடங்கள் கண்ணில் படும். ரியாக்டிவ் ஸ்ட்ரோமா என்று சொல்வது இதைத்தான்: தசைக்குரிய டெஸ்மின் குறைந்து, விமென்டின், டெனாசின்-சி என்ற புரதங்கள் கூடிய நிலை. விமென்டினை மட்டும் வைத்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவு கட்டுவதும் இதே ரகம், ரத்தக்குழாய் உட்சுவரிலும் வெள்ளையணுக்களிலும்கூட அது இருக்கிறதே. சிடி34 என்ற மார்க்கரும் அப்படித்தான். ஸ்ட்ரோமாவின் ஃபைப்ரோபிளாஸ்ட் மாதிரி செல்களிலும் வரும், ரத்தக்குழாயிலும் வரும், அதனால் பக்கத்தில் ரத்தக்குழாய் உட்சுவரைக் காட்டும் ஒரு சிடி31 இருந்தால்தான் நிம்மதி.

சரி, மார்க்கரைச் சரியாகப் போட்டாச்சு. திசு எங்கேயிருந்து வந்தது? சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் டிரான்சிஷன் மண்டலத்தில்தான் பிபிஹெச் எனும் புற்றல்லாத வீக்கம் வரும், புற்றுநோயில் பெரும்பகுதி வெளிப்புறப் பெரிஃபெரல் மண்டலத்தில். பிபிஹெச்சுக்காகச் சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரண்டியெடுத்த துணுக்குகளையும் வெளிமண்டலப் புற்றுத் திசுவையும் ஒப்பிட்டு, கிடைத்த வித்தியாசம் முழுவதையும் நோயின் கணக்கில் எழுதுகிறார்கள். பாதி வித்தியாசம் இடத்தால் வந்ததாக இருக்கலாம். ஆரோக்கியமான திசுவிலேயே சுரப்பியை ஒட்டி நிற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வேறு, தசைக்கட்டுகளுக்கு இடையில் கிடப்பது வேறு. அப்புறம், புற்றுக்காக அகற்றிய புராஸ்டேட்டில் கட்டிக்குப் பக்கத்தில் வெட்டியதை "நார்மல்" என்று லேபிள் ஒட்டுவது! நெருப்புக்குப் பக்கத்து வீட்டுச் சுவரும் சூடாகத்தான் இருக்கும். இளவயது உறுப்பு தானம் செய்தவர்களின் திசு கிடைத்தால் அதை வைத்து ஒப்பிடுவதே மேல்.

பிபிஹெச் என்றாலே சுரப்பி பெருத்துவிட்டது என்று நினைப்பதும் அரைகுறைதான். ஸ்ட்ரோமாவுக்கும் எபிதீலியத்துக்கும் (சுரப்பியின் உள்வரிசைச் செல்கள்) உள்ள விகிதம் இயல்பாகச் சுமார் 2:1, பிபிஹெச்சில் சுமார் 5:1 என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. (பிபிஹெச்சில் உருவாகும் முடிச்சுக்கு முடிச்சு இது மாறும், சுரப்பி மிகுந்த முடிச்சுகளும் உண்டு.) பிபிஹெச் மருந்துகளில் டாம்சுலோசின் மென்தசையைத் தளர்த்துகிறது, அதனால் சில நாட்களிலேயே சிறுநீர் இலகுவாகப் போகும். ஃபினாஸ்டெரைடு தடுப்பது டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி எனும் இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் என்சைமை. அந்த என்சைம் புராஸ்டேட்டில் முக்கியமாக இருப்பது ஸ்ட்ரோமா செல்களில், பலன் தெரிய மாதக்கணக்காகும். இரண்டு மருந்தும் ஸ்ட்ரோமாவைத்தான் தொடுகின்றன, ஆனால் ஒரே வேலையைச் செய்வதில்லை.

திசுவை என்சைமில் ஊறவைத்துச் செல் செல்லாகப் பிரித்துப் பார்க்கும் சிங்கிள் செல் ஆய்வுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொலாஜனில் சிக்கிக்கிடக்கும் தசை செல் என்சைமுக்கு லேசில் அசையாது, பல செல்கள் உடைந்தும் போகும். அதனால் கடைசியில் எண்ணிய செல்களின் விகிதம் திசுவில் இருக்கும் விகிதம் ஆகாது. 37 டிகிரியில் மணிக்கணக்காக ஊறியதில் அழுத்தத்துக்கு எழும் ஃபாஸ், ஜூன் ஜீன்கள் ஏறியிருக்கும், அதைப் பார்த்து "தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்" என்று புது வகைக்குப் பெயர் வைத்துவிட வேண்டாம். வளர்ப்புத் தட்டிலும் இதே சங்கடம். சீரம் ஊற்றிப் பிளாஸ்டிக்கில் வளர்த்தால் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டே மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆகத் தொடங்கிவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. பிபிஹெச்-1 என்ற செல் வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) ஸ்ட்ரோமா செல் என்று நினைத்து ஆர்டர் போட்டவரை எனக்குத் தெரியும். அது எபிதீலியம். 1999-ல் வெளிவந்த ஆய்வில் இந்தச் செல்களைப் புற்றுத் திசுவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டோடு சேர்த்து எலிக்குள் வைத்தபோது கட்டி வளர்ந்தது, நல்ல புராஸ்டேட்டின் ஃபைப்ரோபிளாஸ்டோடு வைத்தபோது அப்படி வளரவில்லை.