செல் உள்ள போற மாதிரி நார் ஸ்கேஃபோல்ட் செய்றது எப்படி

ஸ்கேஃபோல்ட்னா செல் ஒட்டி வளர்றதுக்கான சட்டம். அத எலக்ட்ரோஸ்பின்னிங் மெஷின்லதான் செய்றோம், அதாவது பாலிமர் கரைசல ஊசி வழியா உயர் வோல்ட்ல இழுத்து மெல்லிய நாரா ஆக்குற மெஷின். முதல்ல அத ஆன் பண்ணாதீங்க. எந்த திசுவுக்குன்னு தாள்ல எழுதுங்க. தோலுக்குன்னா நார் கண்டபடி கிடந்தா போதும், தசைநாணுக்குன்னா அங்க கொலாஜன் (உடம்போட புரத நார்) ஒரே பக்கமா ஓடுது, நம்ம நாரும் அப்படித்தான் ஓடணும், அதுக்கு வேகமா சுத்துற டிரம்லதான் புடிக்கணும். எத்தனை நாள் உடம்புல தாங்கணும்னும் பாருங்க, பிசிஎல்ங்கிற (பாலிகாப்ரோலாக்டோன்) பாலிமர் உடம்புல கரைய 2 வருஷத்துக்கு மேலயும் போகும், பிஎல்ஜிஏங்கிற பாலிமர் (லாக்டிக், கிளைகோலிக் அமிலப் பங்கு 50:50) ஒண்ணு ரெண்டு மாசத்துல சிதைய ஆரம்பிச்சிரும்.

புதுசா பண்றவங்க பிசிஎல்லோடயே தொடங்குங்க. குளோரோஃபார்ம் மெத்தனால் 3க்கு 1, அதுல பிசிஎல் 10-12%, ராத்திரி முழுக்க கலக்க விடுங்க. கரைசல் மணிக்கு 1 மில்லி, 15 கிலோவோல்ட், ஊசிக்கும் நார் விழுற தட்டுக்கும் நடுவுல 15 சென்டிமீட்டர். ஊசி நுனில கரைசல் கூம்பு மாதிரி நிக்கணும், சொட்டினா வோல்ட்ட கொஞ்சம் ஏத்துங்க. ஃபியூம் ஹூட் (ஆவிய வெளிய இழுக்குற கூண்டு), எர்த் ரெண்டும் இல்லாம தொடவே கூடாது.

இப்ப நம்ம மலைநாட்டு பிரச்சின. ஃபேக்டரில கொழுந்து வாட்டுறப்ப மிஸ்டு இறங்கினா வாட மாட்டேங்குதுல, அதே கதைதான் இங்கயும், காத்துல ஈரம் இருந்தா நார் மேல சின்ன சின்ன குழி விழும், சில பாலிமர்னா காயாமலே ஒட்டிக்கிட்டு வரும். ஜூன்ல ஜன்னல திறந்து வச்சிக்கிட்டு ரெண்டு வாரம் வீணாக்கினவன் சொல்றேன், பெட்டிய மூடி டீஹியுமிடிஃபையர் போட்டு 40-50%ல வச்சிக்கோங்க, ஒவ்வொரு தடவையும் ஈரப்பதத்த கொப்பில எழுதுங்க.

அடுத்தது எல்லாரும் கோட்டை விடுற இடம். நார் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறோம், மைக்ரோஸ்கோப் படமும் சூப்பரா வரும், ஆனா நார் மெலிய மெலிய நடுவுல உள்ள ஓட்டையும் சுருங்கும், செல்லு ஒண்ணு 10-20 மைக்ரோன், பாவம் அது எப்படி நுழையும், மேலயே பாய் விரிச்சு படுத்துக்கும். அதனால நார சில மைக்ரோன் தடிப்புக்கு கொண்டு வாங்க, இல்லாட்டி இன்னொரு ஊசில பிஇஓ (தண்ணில கரையுற பாலிமர்) நாரையும் சேர்த்து சுத்திட்டு தண்ணில கழுவுங்க, அது கரைஞ்சு போய் இடம் விடும்.

பிசிஎல் தண்ணி ஒட்டாத சாமான், சோடியம் ஹைட்ரொக்சைட்ல கொஞ்ச நேரம் ஊறவச்சா செல் ஒட்டும். ஜெலட்டின் கலந்தீங்கன்னா குறுக்கிணைப்பு (மூலக்கூறுகள ஒண்ணோட ஒண்ணு கட்டுறது) கட்டாயம், இல்லன்னா 37 டிகிரில அது கரைஞ்சிரும்.

கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) வேணவே வேணாம், பிசிஎல் 60 டிகிரிலயே உருகும், 121ல வச்சா லஞ்ச் ஷீட் மாதிரி ஒண்ணுதான் கைக்கு வரும் (வந்திச்சு). வெக்யூம்ல கரைப்பான போக்கிட்டு, 70% எத்தனோல், அப்புறம் ரெண்டு பக்கமும் யூவி, நல்லா அலசல்.

செல்ல கொஞ்ச திரவத்துல சொட்டு சொட்டா வச்சு ரெண்டு மூணு மணித்தியாலம் விட்டுட்டு மீடியம் (செல் வளர்ற ஊட்ட திரவம்) ஊத்துங்க. 7ம் நாள் குறுக்கால வெட்டி டாபி சாயம் (செல் கருவ நீலமா காட்டும்) போட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, நீலப் புள்ளியெல்லாம் மேல் ஓரத்துலயே வரிசையா நின்னா நார இன்னும் தடிப்பாக்கி மறுபடி சுத்துங்க.