குரோஷே பரிசு: கண்ணி தப்பலாம், கணக்கு தப்பக்கூடாது

டிவிக்கு உறை, கதவுக்குத் தோரணம் என்று உல்லன் நூலில் பின்னிக் கொடுத்த காலத்தில் யாரும் கண்ணியை, அதாவது ஒவ்வொரு நூல் வளையத்தை, எண்ணிப் பார்த்ததில்லை. பூ பூவாகத் தெரிந்தால் போதும். இப்போது குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னலுக்கு ஊசி பிடிப்பவர்கள் கொடுக்கும் பரிசே வேறு. பயாலஜி படிக்கும் தங்கைக்கு டிஎன்ஏ ஏணி, செஸ் ஆடும் அக்கா பையனுக்குக் குதிரை, கோடிங்கில் மூழ்கிக் கிடக்கும் அண்ணனுக்கு பைனரி மஃப்ளர். வாங்கிக்கொள்பவர் அந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர். எட்டாவது சுற்றில் ஒரு கண்ணி விட்டுப்போனது அவர் கண்ணில் படவே படாது. ஆனால் டிஎன்ஏ எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தால் பிரித்த நொடியிலேயே தெரிந்துவிடும். பரிசாயிற்றே என்று வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான்.

அதனால் இந்த வகைப் பரிசில் பெரிய தவறுகள் நடப்பது ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால்தான். முதலில் அவற்றைப் பார்ப்போம். கைவேலைத் தவறுகளைப் பிறகு வேகமாகத் தாண்டிவிடலாம்.

டிஎன்ஏவையே எடுத்துக்கொள்வோம். நம் உடம்பில் இருக்கும் வழக்கமான டிஎன்ஏ வலப்பக்கம் சுழலும் திருகு. அதை நிமிர்த்திப் பிடித்தால், நமக்கு முன்பக்கமாகத் தெரியும் இழைகள் இடது கீழிலிருந்து வலது மேலே ஏற வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஸ்குரூவின் மரையும் அப்படித்தான் ஏறும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்குரூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். நெட்டில் கிடக்கும் படங்களை நம்ப வேண்டாம். பல படங்களில் டிசைன் செய்தவர் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருப்பார். பெரும்பாலும் ஏணியைத் தட்டையாகப் பின்னி, அப்புறம்தான் முறுக்கித் தைக்கிறோம். ஆகவே முறுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கவனம் இருந்தால் போதும். படிகளாக இருக்கும் ஏ (A), டி (T), ஜி (G), சி (C) என்ற நான்கு வேதிப்பொருட்களுக்கு நான்கு நிறம் எடுத்தால், ஏ எப்போதும் டியோடு, ஜி எப்போதும் சியோடு சேர வேண்டும். அழகுக்காக நிறங்களை மாற்றி மாற்றிப் போட்டால் அது டிஎன்ஏவாக இராது, கலர் ஏணியாகத்தான் இருக்கும்.

ரூபிக் கியூபிலும் இதே கதைதான். வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. வெள்ளையை மேலேயும் பச்சையை முன்னாலும் வைத்தால் வலப்பக்கம் சிவப்பு வர வேண்டும். கலைந்த கியூபாகப் பின்னினால் எந்த நிறத்தையும் எங்கும் போடலாம் என்று தோன்றும். போடக்கூடாது. வெள்ளையும் மஞ்சளும் எதிரெதிர் முகங்கள் என்பதால், ஒரே விளிம்புத் துண்டில் அவை இரண்டும் சேர்ந்து வரவே முடியாது. கியூபைச் சில நொடிகளில் சேர்க்கும் பிள்ளைகளுக்கு இது முதல் பார்வையிலேயே பிடிபடும். இன்னொன்று, சிவப்பு நூலையும் ஆரஞ்சு நூலையும் டியூப்லைட் வெளிச்சத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். கடை வாசலுக்கு எடுத்து வந்து பகலில் பார்த்து வாங்குங்கள்.

செஸ் போர்டு பின்னினால், ஆடுபவரின் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம். கறுப்பு ராணிக்குக் கறுப்புக் கட்டம், வெள்ளை ராணிக்கு வெள்ளை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் சின்னமான ‘தம்பி’யை, வேட்டி சட்டை போட்ட அந்தக் குதிரையை, பொம்மையாகப் பின்ன ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல தேர்வு. குதிரைத் தலையைவிட வேட்டிக் கரைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பார்ப்பவர்கள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள்.

பைனரி மஃப்ளர்தான் உண்மையான பொறி. பெயரை 0, 1 என மாற்றி, ஒன்றுக்கு ஒரு நிறம், சைபருக்கு ஒரு நிறம் என்று பின்னுவது எளிதாகத்தான் தோன்றும். சிக்கல், குரோஷே வரிசைக்கு வரிசை திரும்பி வருவதில் இருக்கிறது. வலது கைக்காரர் முதல் வரிசையை வலமிருந்து இடமாகப் போடுவார். துணியைத் திருப்பிப் போடும் இரண்டாம் வரிசை, முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஓடும். கையிலிருக்கும் சார்ட்டையும் (கட்டம் போட்ட மாதிரிப் படம்) அதேபோல் ஒரு வரி இப்படி, ஒரு வரி அப்படி என்றுதான் படிக்க வேண்டும். எல்லா வரியையும் ஒரே பக்கமாகப் படித்தால் ஒன்று விட்டு ஒன்று கண்ணாடி பிம்பமாகிவிடும்.

அது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ‘அ’ என்ற எழுத்துக்கு எண் 2949. பதினாறு இலக்க பைனரியில் 0000101110000101. இதைத் திருப்பிப் படித்தால் 1010000111010000, அதாவது 41424. அந்த எண்ணில் உட்கார்ந்திருப்பது தென்மேற்குச் சீனாவின் யி மொழி எழுத்து ஒன்று. தமிழில் ஆரம்பித்த பெயர் ஒரே வரிசையில் சீனாவுக்குப் போய்விட்டது!

இதே மஃப்ளரில் இன்னொரு கணக்கும் இடறும். தமிழில் நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. புள்ளிக்குத் தனி எண், கொம்புக்கும் காலுக்கும் தனி எண். ‘கார்த்திக்’ நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்குப் பத்து. எழுத்துக்கு ஒரு வரிசை என்று நூல் வாங்கினால் பாதியில் தீர்ந்துவிடும். திரும்பப் போய் வாங்கும் பந்து வேறு டை லாட்டாக (வேறு தடவை சாயம் போட்ட தொகுதியாக) இருந்து, நிறம் ஒரு சாயல் மாறும். பந்தின் மேல் சுற்றியிருக்கும் தாளில் லாட் எண் இருக்கும். எல்லாப் பந்தும் ஒரே எண்ணா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு கியூஆர் கோடு பின்னுபவர்களுக்கும் பொருந்தும். மிகச் சிறிய கியூஆர் கோடு 21 × 21 கட்டம். குறைந்தபட்சப் பிழை தாங்கும் நிலையில் அதில் 17 பைட் அடங்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். ‘அம்மா’ என்பது ஐந்து குறியீடு, 15 பைட். ஆகவே அடங்கிவிடும். ஆனால் அந்த நிலையில் சுமார் 7 சதவீதத்துக்கு மேல் கெட்டாலே போன் படிக்காது. நூல் வேலையில் கட்டம் கோணுவதும் விளிம்பு பிசிறுவதும் சகஜம். 25 × 25க்குப் போய், 25 சதவீதம் தாங்கும் நிலையைத் தேர்ந்தெடுத்தால் 20 பைட் வரை இடம் இருக்கிறது. அதுதான் புத்திசாலித்தனம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று ஓரம் விட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓரத்தோடு 33 × 33, கட்டத்துக்கு ஒரு கண்ணி என்றால் 1,089 கண்ணி. வெளிர் நூலின் மேல் அடர் நூல்தான் வர வேண்டும். தலைகீழாக மாற்றினால் சில ஆப்கள் படிக்காது. வெப்சைட் முகவரியைப் பின்னுவதும் வேண்டாம். முகவரி செத்துப்போனாலும் குஷன் உறை வீட்டில் இருக்கும். நேரடியாக வார்த்தையையே பின்னுங்கள்.

பழைய வீடியோ கேம் உருவங்களைப் பின்னும்போது வருவது வேறு தொல்லை. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நண்டு உருவம் 11 × 8 கட்டம். கட்டம் கச்சிதமான சதுரம். சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைக் கண்ணியோ பெரும்பாலான கைகளில் சதுரமாக வருவதில்லை. பத்துக்குப் பத்து கண்ணி ஒரு மாதிரித் துண்டு போட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அகலமும் உயரமும் ஒத்து வரவில்லை என்றால் நண்டு சப்பையாகவோ நீளமாகவோ வரும். மூலையிலிருந்து மூலைக்குப் போகும் பின்னல் முறையில் சதுரம் தானாகவே கிடைக்கும். தொப்பி, மக் உறை என்று சுற்றிச் சுற்றிப் போடும் வேலையில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகரும், உருவம் சாய்ந்தே நிற்கும். கேம் உருவங்களைத் தட்டையாகப் பின்னிப் பிறகு தைப்பதே என் கட்சி.

கணக்கு வாத்தியாருக்கோ கணக்கில் பித்துப் பிடித்த நண்பருக்கோ கொடுக்க ஹைப்பர்போலிக் தளத்தைவிட, அதாவது ஓரம் போகப் போக அலையலையாக விரியும் கணிதப் பரப்பைவிட, நல்ல பரிசு கிடையாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா 1997இல் இதை குரோஷேயில் செய்து காட்டினார். காகித மாதிரிகள் கையில் எடுத்தாலே கிழிந்துகொண்டிருந்தன. நூல் மாதிரியை மடிக்கலாம், கசக்கலாம், வகுப்பில் கைமாற்றலாம். விதி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை கண்ணிக்கு ஒருமுறை ஒரு கண்ணியைக் கூட்டுகிறோமோ, அதைக் கடைசி வரை மாற்றக்கூடாது. அலை நன்றாக வருகிறதே என்று நடுவில் ஆசைக்குக் கூட்டினால் பூவாக இருக்கும், கணிதமாக இராது. விகிதத்தையும் யோசித்து எடுங்கள். 6 கண்ணியில் தொடங்கி, ஐந்துக்கு ஒன்று வீதம் கூட்டினால் பத்துச் சுற்றில் சுமார் 37 கண்ணி. ஒவ்வொரு கண்ணியையும் இரட்டித்தால் அதே பத்துச் சுற்றில் 6,144. பஞ்சு மாதிரி மெத்தென்ற நூல் இதற்கு ஆகாது. விறைப்பான அக்ரிலிக்கை இறுக்கிப் போட்டால்தான் வடிவம் நிற்கும்.

நேரக் கணக்கில் ஏமாறாதவர்கள் குறைவு. ஹிங்கே ஒசிங்கா என்ற கணிதப் பேராசிரியர் வானிலை ஆய்வில் பிறந்த லோரென்ஸ் சமன்பாடுகளிலிருந்து வரும் ஒரு வளைபரப்பை குரோஷேயில் பின்னினார். 25,511 கண்ணி, 85 மணி நேரம். மணிக்கு 300 கண்ணி என்று வருகிறது. எண்ணிக்கொண்டே போட வேண்டிய வேலையின் வேகம் இதுதான். டிவி பார்த்துக்கொண்டே போடும் ஸ்கார்ஃபின் வேகத்தை வைத்து, “அடுத்த வாரம் பிறந்தநாள், முடிச்சிடலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். சின்னதாக எடுங்கள். முழு செஸ் செட்டுக்குப் பதில் ஒரு குதிரை போதும்.

சரி, கைவேலைக்கு வருவோம். பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) அமெரிக்கதா பிரிட்டிஷதா என்று பார்க்காமல் தொடங்குவது முதல் தவறு. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். பிரிட்டிஷ் பேட்டர்னை அமெரிக்க முறையில் படித்தால் பொம்மை உயரமாகி, கண்ணிகளுக்கு இடையே பஞ்சு எட்டிப் பார்க்கும். ஊசி சரியில்லை என்றாலும் அதே கதிதான். பந்தின் தாளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால் அது சட்டைக்கும் சால்வைக்கும் சொன்னது. பொம்மைக்கு 2.5 அல்லது 3 மி.மீ. எடுங்கள். கோள்களைப் பின்னும்போது கூட்டுக் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் வியாழன் அறுகோணமாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் இடத்தைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். நிறம் மாற்றும்போது புது நூலைப் பழைய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். ஸ்டிச் மார்க்கர் இல்லாவிட்டால் ஒரு சேஃப்டி பின் போதும், ஆனால் அதுகூட இல்லாமல் சுற்றுப் பின்னலில் இறங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பொம்மையில் பிளாஸ்டிக் கண், மணி, பட்டன் எதுவும் வேண்டாம். ‘சேஃப்டி கண்’ என்ற பெயரை நம்ப வேண்டாம். பின்னால் வாஷர் இருந்தாலும், நூல் இழுபட்டுக் கண்ணி விரிந்தால் வாஷரோடு சேர்ந்து வெளியே வரும். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டட்டும் என்று பொம்மைக்குள் காந்தம் வைப்பது அதைவிட மோசம். குழந்தை இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடலையே துளைத்துவிடும். டிஎன்ஏ நிமிர்ந்து நிற்கக் கம்பி வைப்பதும் பெரியவர்கள் மேசைக்கு மட்டும்தான்.

நூல் எது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். சென்னையில் இருப்பவருக்குக் கம்பளி மஃப்ளர் பின்னினால் அது பீரோவை விட்டு வெளியே வராது. ஊட்டிக்காரருக்கு வேண்டுமானால் பின்னலாம். சமவெளிக்குப் பருத்தி. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சித்தி பெண்ணுக்கு அனுப்புகிறீர்களா? அங்கே எல்லாத் துணியும் மெஷினுக்கும் டிரையருக்கும்தான் போகும். சாதாரணக் கம்பளி அதில் சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் பிழைக்கும். ஆனால் அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகித் தட்டையாகிவிடும்.

பரிசு நன்றாக வந்துவிட்டால் அடுத்து எல்லோரும் சொல்வது, “இதையே வித்தா என்ன?” என்பதுதான். உரிமம் உள்ள கதாபாத்திரத்தை வீட்டுக்குள் பரிசாகக் கொடுப்பதை யாரும் தேடி வந்து கேட்பதில்லை. ஆன்லைனில் விலை போட்டு வைத்தால் உரிமையாளர் நீக்கச் சொல்வார். பேட்டர்ன் எழுதியவரும் தன் பங்குக்கு நிபந்தனை போட்டிருப்பார், படித்துப் பாருங்கள். டிஎன்ஏ, சனிக் கோள், பைனரி, ஹைப்பர்போலிக் தளம் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். என்ன நூல், எப்படித் துவைப்பது, மஃப்ளர் என்றால் எந்த நிறம் 1, எந்த நிறம் 0, எந்த முனையிலிருந்து படிக்க வேண்டும். கடைசி விவரத்தை விட்டுவிட்டால், பெற்றுக்கொண்டவர் அன்றிரவே அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கப் பார்ப்பார்.