வி8-இன் ஊகத்தைக் கெடுக்காமல் எழுதுவது

மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இருப்புப் பட்டியல் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். 30,000 சரக்குகள். என் மடிக்கணினியில் பறந்தது. அவர்களுடைய பழைய கணினியிலோ, தேடல் பெட்டியில் ஓர் எழுத்து அடித்தால் பக்கம் உறைந்துவிடும்.

முதலில் அளந்துவிடுங்கள். குரோமில் எஃப்12 அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தை 6 மடங்கு குறைத்து, ரெக்கார்ட் செய்யுங்கள். பாட்டம்-அப் பட்டியலில் எந்த ஃபங்ஷன் அதிக நேரம் தின்கிறது என்று தெரியும். என்னிடம் மாட்டியது, விலையைக் கூட்டும் நாலு வரி ஃபங்ஷன்!

காரணம் அந்த நாலு வரியில் இல்லை, அதற்குள் வந்த ஆப்ஜெக்ட்களில், அதாவது ஒவ்வொரு சரக்கின் விவரத் தொகுப்பில் இருந்தது. குரோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சின் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் உள்ளுக்குள் ஒரு வடிவம் வைத்திருக்கிறது. ஒரே ப்ராப்பர்ட்டிகள் (விலை, இருப்பு போன்ற விவரங்கள்) ஒரே வரிசையில் சேர்ந்தால்தான் ஒரே வடிவம். 'விலை இந்த இடத்தில் இருக்கும்' என்று ஒருமுறை பார்த்ததைக் குறித்துவைத்து, அடுத்தமுறை அதே ஊகத்தில் தேடாமல் எடுத்துக்கொள்ளும். நிரலில் ப்ராப்பர்ட்டியைப் படிக்கும் ஓர் இடத்தில் 4 வடிவங்கள் வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அந்தக் குறிப்பைக் கைவிட்டு மெதுவான வழிக்குப் போய்விடும்.

நான் என்ன செய்திருந்தேன்? தள்ளுபடி இருந்தால் மட்டும் அந்த ப்ராப்பர்ட்டியைச் சேர்த்தேன், அதையும் சரக்குக்கொரு வரிசையில். தீர்ந்துபோன சரக்குக்கு இருப்பை டிலீட் செய்தேன். நடுவில் இருக்கும் ப்ராப்பர்ட்டியை டிலீட் செய்தால் வி8 அந்த ஆப்ஜெக்ட்டையே அகராதி போன்ற மெதுவான அமைப்புக்கு மாற்றிவிடும்.

சரி, தீர்வு எளிது. எல்லாச் சரக்கையும் ஒரே கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் ஃபங்ஷன்), எல்லா ப்ராப்பர்ட்டிகளையும் ஒரே வரிசையில் கொடுத்து உருவாக்குங்கள். தள்ளுபடி இல்லையா, 0 போடுங்கள். எண் வரவேண்டிய இடத்தில் எண்ணே வரட்டும், ஒருநாள் எண், ஒருநாள் சரம் (ஸ்ட்ரிங்) என்று வேண்டாம். டிலீட்டை மறந்துவிடுங்கள்.

மாற்றியபின் சரிபார்க்க, அந்த ஃபங்ஷனை, உலாவிக்கு வெளியே அதே வி8-ஐ வைத்து ஓடும் நோட்.ஜேஎஸ்ஸில் ட்ரேஸ்-டீஆப்ட் (--trace-deopt) ஃப்ளாக்குடன் ஓட்டிப் பாருங்கள். அதே ஃபங்ஷன் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், வி8-இன் டர்போஃபேன் கம்பைலர் ஊகித்து ஆக்கிய வேகக் குறியீட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், பிழையைப் பிடிக்க 'ட்ரை-கேட்ச் போட்டால் வேகம் போய்விடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வி8-இன் பழைய கிராங்க்ஷாஃப்ட் கம்பைலர் காலத்துப் பேச்சு அது; 2017-இல் அந்தக் கம்பைலரையே நீக்கிவிட்டார்கள். வெற்று அரேயில் புஷ் செய்வதா, முன்கூட்டியே 30,000 இடம் ஒதுக்குவதா என்ற ஆராய்ச்சியும் எனக்குப் பெரிதாக உதவவில்லை.

இவ்வளவும் செய்தபின் அந்த நாலு வரி ஃபங்ஷன் பட்டியலின் அடிக்குப் போனது. பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் திணறியது. பார்த்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் 30,000 வரிசைகளையும் திரையில் வரைந்துகொண்டிருந்தேன். எஞ்சின் மேல் பழிபோட அங்கே ஒன்றுமில்லை. கண்ணில் படும் 40 வரிசைகளை மட்டும் வரையும்படி மாற்றி அனுப்பினேன்.