ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்கு 4-3-2

செமினாரில் ஆங்கிலத்தில் பேச வேண்டியதை முந்தின நாளே மூன்று நண்பர்களிடம் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ஆளிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் அதையே 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். கையில் தாள் வேண்டாம். கேட்பவர் நடுவில் திருத்தவே கூடாது. தயங்குகிற பிள்ளையின் வாயை அடைப்பது அந்தத் திருத்தம்தான்.

1983-இல் கீத் மாரிஸ் எழுதி, மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கிய பயிற்சி இது. எதைச் சொல்வது என்ற யோசனை முதல் சுற்றோடு முடிந்துவிடும். அப்புறம் கவனம் எல்லாம் எப்படிச் சொல்வது என்பதில்தான். "மை ப்ராஜெக்ட் ஈஸ்... ஈஸ் அபவுட்..." என்று இழுத்தவர், கடைசிச் சுற்றில் "மை ப்ராஜெக்ட் டெஸ்ட்ஸ் வெல் வாட்டர்" என்று நேராக வந்துவிடுவார். ஆள் மாறுவதால் கேட்பவருக்கும் விஷயம் புதிது, ஆர்வமாகக் கேட்பார்.

தெரியாத தலைப்புக்கும் புது இலக்கணம் கற்கவும் இது உதவாது. தவறான வாக்கியம் மூன்று முறை சொன்னால் அப்படியே பதியவும் கூடும். அதனால் எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு ஒரு தடவை திருத்தம் கேட்டுக்கொள்ளுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரும் குறுக்குக் கேள்விகளுக்கு இது மட்டும் போதாது, தனிப் பயிற்சி வேண்டும்.