ஹோட்டல் அறைக்குப் பூட்டு: முதலில் கதவை அளந்து பாருங்கள், பிறகு கார்டைப் பாருங்கள்

பூட்டு விற்க வருபவர் முதலில் காட்டுவது கார்டும் மொபைல் ஆப்பும்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூட்டு மாற்றும் வேலையில் எதிர்பாராத செலவு வருவது பெரும்பாலும் மரவேலையில். அதனால் டேப்பை எடுத்துக் கதவை அளப்பதே முதல் வேலை.

கதவின் தடிமன், கதவு விளிம்பிலிருந்து கைப்பிடி மையம் வரை உள்ள தூரம் (பேக்செட் என்பார்கள்), இப்போது இருக்கும் மார்டிஸ் குழியின் (பூட்டுப் பெட்டி உட்காரக் கதவு விளிம்பில் வெட்டிய பள்ளம்) நீளம், அகலம், ஆழம், கதவு இடக்கையா வலக்கையா (கீல் எந்தப் பக்கம்) என்பது: இவ்வளவும் எழுதி வையுங்கள். அமெரிக்க முறை மார்டிஸ் பூட்டுக்குப் பேக்செட் பொதுவாக 70 மி.மீ. ஐரோப்பிய முறையில் இது 55, 60 என்று மாறும். ஒன்றுக்கு வெட்டிய குழியில் மற்றொன்று அப்படியே உட்காராது. புதுப் பூட்டுக்கு ஓட்டைகள் எங்கே வரும் என்று காட்டும் வார்ப்புருத் தாளைக் கதவில் ஒட்டிப் பார்த்தால், பழைய ஓட்டைகள் தகட்டுக்கு வெளியே தெரியுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு கதவை அளந்துவிட்டு எல்லாம் அதே அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு அறைகளை இணைக்கும் கதவும் பின்னாளில் கட்டிய தளமும் வேறாக இருக்கும். தீத்தடுப்புச் சான்றிதழ் உள்ள கதவில் புதிதாகக் குழி வெட்டினால் அந்தச் சான்று செல்லாமல் போகலாம். அந்தக் கதவு வகையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்ட பூட்டா என்று கேளுங்கள்.

அடுத்தது மார்டிஸ் பெட்டி. தாழ் வெளியே 25 மி.மீ. அளவுக்கு நீள வேண்டும். உள்ளே இருப்பவர் கைப்பிடியை ஒரு முறை அழுத்தினால் தாழும் நாக்கும் (கதவு சாத்தியதும் தானே விழும் முனை) சேர்ந்து உள்ளே போக வேண்டும். புகை சூழ்ந்த இருட்டில் தாழ்க் குமிழைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இதில் சமரசமே வேண்டாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நாக்குக்குப் பக்கத்தில் சிறிய துணைநாக்கு ஒன்று இருக்கும். கதவு சாத்தியதும் நிலைத்தகடு (கதவு நிலையில் பதித்த தகடு) அதை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்படி அழுந்தி இருக்கும்வரை பெரிய நாக்கை வெளியிலிருந்து பிளாஸ்டிக் அட்டையால் தள்ள முடியாது. ஆனால் நிலைத்தகட்டின் ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிட்டால் துணைநாக்கும் அதற்குள் விழுந்துவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டானாலும் ஓர் அட்டைக்குத் திறந்துகொள்ளும். நிலையில் சரியாகப் பொருந்தாத கதவுக்குத் தச்சர் ஓட்டையை அராவி விரிவாக்குவதுதான் இதற்கு வழக்கமான காரணம். கீலைச் சரிசெய்யுங்கள், ஓட்டையைத் தொடாதீர்கள். கதவடி இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். அதன் வழியே வளைந்த கம்பியை விட்டு உள்கைப்பிடியை இழுத்துத் திறக்க முடியும். கீழே சீல் போட்டால் அந்த வழி அடைபடும்.

இப்போது கார்டு. 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரண கார்டுகளை நகலெடுப்பது மிக எளிது, வேண்டாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னால் மட்டும் போதாது, உள்ளே எந்த சிப் என்று கேளுங்கள். மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் குறியாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டது. 2024-இல் சாஃப்லாக் என்ற வகை ஹோட்டல் பூட்டுகளில் வெளியான குறைபாட்டிலும் அதே சிப்தான் இருந்தது. ஏஇஎஸ் குறியாக்கம் உள்ள மைஃபேர் டெஸ்ஃபயர் போன்றவற்றைக் கேட்டு வாங்குங்கள். பூட்டின் மென்பொருளைப் பின்னால் புதுப்பிக்க முடியுமா, அதற்கு ஒவ்வொரு கதவுக்கும் ஆள் போக வேண்டுமா என்பதும் முக்கியம். 2012-இல் ஆனிட்டி என்ற நிறுவனத்தின் ஹோட்டல் பூட்டுகளின் அடிப்பக்க இணைப்புத் துளை வழியே கதவைத் திறந்து காட்டியபோது, பழுது நீக்கம் பூட்டுப் பூட்டாகச் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

பெரும்பாலான ஹோட்டல் பூட்டுகளுக்கும் ரிசப்ஷனுக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது. புதிய விருந்தினர் தன் கார்டைக் கதவில் காட்டும்போதுதான் பழைய கார்டு செல்லாததாகும். அதுவரை பழையது அதன் காலாவதி நேரம் வரை வேலை செய்யும். ஆகவே பூட்டுக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். பேட்டரி மாற்றியதும் “கார்டு வேலை செய்யவில்லை” என்ற புகார் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங் மாஸ்டர் கார்டு தொலைந்தால் அதை ரத்துசெய்யக் கதவு கதவாக நடக்க வேண்டியிருக்கும். அறைகள் நிறைய இருந்தால், கூடுதல் விலை கொடுத்தாவது ரிசப்ஷனோடு தொடர்பில் இருக்கும் ஆன்லைன் பூட்டு வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும். மாஸ்டர் கார்டைத் தளவாரியாகப் பிரித்துக் கொடுப்பது இரண்டு வகைப் பூட்டுக்கும் பொருந்தும்.

பேட்டரி பெரும்பாலும் நான்கு ஏஏ அல்கலைன். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ரீசார்ஜ் வகை ஒன்று 1.2 வோல்ட்தான், நான்கு சேர்ந்து 4.8. அதனால் குறைந்த பேட்டரி எச்சரிக்கை சீக்கிரமே கத்தும். லித்தியம் கடைசிவரை மின்னழுத்தம் குறையாமல் நின்று திடீரென விழும், எச்சரிக்கைக்கே நேரம் இருக்காது. பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் திறப்பது எப்படி என்பதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையா, இயந்திரச் சாவியா? சாவி என்றால் அது நுழையும் சிலிண்டரின் தரம்தான் பூட்டின் தரம். அந்தச் சாவியால் திறந்தது பூட்டின் பதிவில் விழுகிறதா என்றும் கேளுங்கள். பல பூட்டுகளில் விழாது.

கடலோரமாகவோ திறந்த தாழ்வாரத்திலோ அறைகள் இருந்தால் 304-க்குப் பதில், துருவை அதிகம் தாங்கும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு கதவுகளில் மாட்டிப் பாருங்கள். டோர் குளோசர் கதவை மெல்ல விட்டாலும் நாக்கு விழுகிறதா, காலாவதியான கார்டு மறுக்கப்படுகிறதா, தாழ் போட்ட அறையைப் பணியாளர் கார்டு திறக்காமலும் அவசரக் கார்டு திறக்கும்படியும் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்: உங்கள் ஹோட்டலுக்கான சிஸ்டம் குறியீடும், மென்பொருளை வேறு கணினியில் நிறுவும் உரிமையும் எழுத்தில் உங்களிடம் இருக்க வேண்டும். அவை விற்றவரிடம் மட்டும் இருந்து அவர் கடையை மூடிவிட்டால், ரிசப்ஷன் கணினி பழுதாகும் அன்று ஒரு கார்டுகூட எழுத முடியாது.