சம்பளம் பேசும்போது ஐ.டி. ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, சோழிங்கநல்லூரில் அலுவலகப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நான் நேர்காணல் முடித்திருந்த ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "இப்ப சிடிசி எவ்வளவு? எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?" என்று கேட்டார்கள். சிடிசி என்பது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. வாங்கிக்கொண்டிருந்த தொகையைச் சொல்லி, அதற்கு மேல் முப்பது சதவீதம் வேண்டும் என்றேன். மறுமுனையில் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "சரிங்க, பண்ணிடலாம்" என்றார். அந்த வேலைக்கு அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை நான் கேட்டதைவிட அதிகம் என்பது அந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது. பணியில் சேர்ந்த பிறகு, அதே அனுபவத்துடன் அதே வேலையைச் செய்த சக ஊழியரின் சம்பளம் தெரிய வந்தபோது என் ஊகம் உறுதியானது.

பழைய சம்பளத்தின் மேல் ஒரு சதவீதத்தை ஏற்றிக் கேட்பதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. கலிஃபோர்னியாவில் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2018 முதல் சட்டமே இருக்கிறது; இந்தியாவில் அப்படியொரு தடை இல்லாததால் இங்கே அந்தக் கேள்வி முதல் அழைப்பிலேயே வந்துவிடுகிறது. கேட்டால் உண்மையைச் சொல்லலாம், ஆனால் பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. "இந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் பட்ஜெட் என்ன?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதே பொறுப்பில் வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்த தொகையைச் சொல்வதே சரியான வழி. தொடக்கத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை அந்த ஆண்டோடு போவதில்லை. ஒரே வேலையில் ஒருவர் 5 லட்சத்திலும் இன்னொருவர் 6 லட்சத்திலும் தொடங்கி, இருவருக்கும் ஆண்டுதோறும் 10 சதவீத உயர்வு கிடைத்தால், பத்தாண்டுகள் கழித்து அவர்களின் ஆண்டுச் சம்பளங்களுக்கிடையே இருக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 2.6 லட்சம் ரூபாய்.

அதற்காகப் பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதோ, கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாகக் காட்டுவதோ கூடாது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, வருங்கால வைப்பு நிதியின் (பி.எஃப்.) பணி வரலாறு ஆகிய எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். பொய் வெளிப்பட்டால் ஆஃபரே திரும்பப் பெறப்படும்.

அடுத்த தவறு, சிடிசியைச் சம்பளம் என்று எண்ணிக்கொள்வது. 18 லட்சம் சிடிசி என்று ஓர் ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்து, மாதம் 1,50,000 ரூபாய் வரும் என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம். இணைப்புத் தாளைப் பிரித்துப் பார்த்தால் அதில் 15 சதவீதம், அதாவது 2,70,000 ரூபாய், வேரியபிள்; செயல்திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ கிடைக்கும் தொகை அது. அடிப்படைச் சம்பளம் 9 லட்சம் என்றால் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 1,08,000 ரூபாய், பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம் வீதம் 43,290 ரூபாய், காப்பீட்டுக்கு 15,000 ரூபாய் என்று எல்லாமே அந்த 18 லட்சத்துக்குள்தான் அடங்கியிருக்கும். மீதமுள்ள 13,63,710 ரூபாயைப் பன்னிரண்டாகப் பிரித்து, உங்கள் பங்கு பி.எஃப். 9,000 ரூபாயையும், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி மாதம் சுமார் 6,350 ரூபாய் வருமான வரியையும் கழித்தால், கையில் வருவது 98,000 ரூபாய் சொச்சம். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போய்விடாது. பணிக்கொடையோ, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டுகள் பணிபுரிந்தால்தான் கிடைக்கும் என்பதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறுபவர் அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வேரியபிள் தொகை சென்ற ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதில் ஒரு பகுதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்பது முற்றிலும் நியாயமானது.

ஜாயினிங் போனஸ் வாங்கும்போது, ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டுமா என்ற விதியைப் படித்துவிடுங்கள். பங்குகள் தருவதாகச் சொன்னால் அவை எந்தெந்த ஆண்டில் கைக்கு வரும் என்பதைப் பாருங்கள். அமேசான் நெடுங்காலம் முதல் ஆண்டு 5, இரண்டாம் ஆண்டு 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 40 சதவீதம் என்று கொடுத்து வந்தது; மொத்தத்தை நான்கால் வகுத்து ஆண்டு வருமானம் என்று கணக்கிட்டவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளும் ஏமாற்றமாகவே இருந்திருக்கும். பங்குச் சந்தைக்கு வராத ஸ்டார்ட்அப் என்றால் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அந்தப் பங்குகளை விற்க வழி பிறப்பதற்கு முன்பே வரி கட்ட வேண்டிய நிலை வரலாம்.

இருக்கும் நிறுவனத்திலேயே உயர்வு கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று தேவைகளைச் சொல்கிறார்கள். அந்தத் தேவைகள் உண்மையானவை, கேட்கும் மேலாளருக்கும் அவை இருக்கும். ஆனால் தன் மேலதிகாரியிடம் அவர் எடுத்துச் சென்று வாதாடுவதற்கு அவை உதவுவதில்லை. "ஆறு மணி நேரம் ஓடிய இரவு நேர பேட்ச் வேலையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன், அதனால் காலை அறிக்கைகள் தாமதமாவது நின்றது" என்ற ஒரு வரி அவருக்கு உதவும். அதையும் ஏப்ரல் மாதம் சம்பள உயர்வுக் கடிதம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. நிதி ஒதுக்கீடும் மதிப்பீடும் அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், டிசம்பர், ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

ராஜினாமா கொடுத்த பிறகு இருக்கும் நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தருகிறோம் என்றால், அந்த மகிழ்ச்சியில் உடனே தலையாட்டிவிடாதீர்கள். விலகக் காரணம் பணம் மட்டும்தானா என்று ஓர் இரவு யோசித்துப் பாருங்கள்.

"இப்ப இதுக்குச் சேருங்க, ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணி ஏத்திடுறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், ஆஃபரை ஏற்பதற்கு முன்பே, "நாம் பேசியபடி ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை உண்டு என்பதைக் கடிதத்தில் சேர்த்துத் தர வேண்டுகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, வாக்குக் கொடுத்தவர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருப்பார். அந்த நாற்காலியில் இருப்பவர் கடிதத்தில் உள்ளதை மட்டுமே பார்ப்பார்.