ஸ்டென்ட் வைக்கச் சொல்லிவிட்டார்களா? டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்

இந்த விசாரிப்பெல்லாம் நேரம் இருப்பவர்களுக்குத்தான். நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் டாக்டரின் பட்டத்தைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட மாரடைப்பில், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிடப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு நல்ல டாக்டர், கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அறை) இரவிலும் இயங்குகிற பக்கத்து ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருப்பவர்தான்.

அவசரம் இல்லை, நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது, ஆஞ்சியோகிராம் (சாயமேற்றி எடுக்கும் இதயக் குழாய்ப் படம்) எடுத்து ஸ்டென்ட் (குழாயைத் திறந்தபடி தாங்கும் சின்ன வலைக்குழாய்) வைக்கலாம் என்கிறார்கள், அப்படியென்றால் விசாரிக்கலாம்.

இதய டாக்டர் எல்லோரும் ஸ்டென்ட் வைப்பவர்கள் இல்லை. பொது மருத்துவம், அதன்மேல் இதயவியல், அதற்கும் மேலே கேத் லேபில் தனிப் பயிற்சி என்று வந்தவர்தான் இன்டர்வென்ஷனல் கார்டியாலஜிஸ்ட். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்பவர் வேறு ஆள். ஸ்டென்ட் வைப்பவர் மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ ஊசி போட்டு, மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துவார். 1977-ல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் இப்படித்தான் விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாய் அடைப்பை முதன்முதலில் பலூனால் விரித்தார். பலூன் மட்டும் போட்டால் குழாய் மறுபடி சுருங்கிவிடும் தொல்லை இருந்ததால் 1986-ல் ஸ்டென்ட் வந்தது.

சரி, என்ன கேட்பது? வருடத்துக்கு எத்தனை பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன், ஸ்டென்ட் கொண்டு அடைப்பைத் திறப்பது) செய்கிறீர்கள், என்னுடையதைப் போன்ற அடைப்பு அதில் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். மணிக்கட்டு வழியாகச் செய்வாரா என்றும் கேளுங்கள், ரத்தக்கசிவு அதில் குறைவு.

என்னைக் கேட்டால், முக்கியமான கேள்வி இதுதான்: இந்த அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா? படத்தில் 60, 70 சதவீதம் என்று தெரிவதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. எஃப்.எஃப்.ஆர். என்று, அடைப்பைத் தாண்டிய அழுத்தம் அதற்கு முன்னுள்ள அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று குழாய்க்குள் அளக்கும் சோதனை இருக்கிறது, 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்புக்கு அர்த்தம் உண்டு. நிலையான நெஞ்சுவலிக்காரர்களில் பலருக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்கும், ஆனால் நல்ல மாத்திரைகளைவிட ஆயுளைக் கூட்டியதாக 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு காட்டவில்லை. அதனால் 'மாத்திரை மட்டும் போட்டுப் பார்க்கலாமா' என்பது அசட்டுக் கேள்வி இல்லை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு, அல்லது சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு என்றால், அறுவை சிகிச்சை டாக்டரின் கருத்தையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, ஆஞ்சியோகிராமுக்கு ஏற்றும் சாயத்துக்கு (டை) அலர்ஜி, மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை. வேறு ஆபரேஷன் ஏதாவது திட்டமிட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் பல மாதம், மாரடைப்பு வந்தவர்கள் வழக்கமாக ஒரு வருடம், விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். பல் பிடுங்கப் போகிற இடத்தில் நிறுத்தச் சொன்னால்கூட, ஸ்டென்ட் வைத்தவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.